கலியாண வீட்டில் நான் தேடிய கோடு

சிவமயம்

அனலைதீவு,
ஆவணி, 1969.

அன்பும் பொறுமையும் உடைய மருமகன் குணநாயகத்துக்கு,

மாமன் ஆழ்வாப்பிள்ளை தலை குனிந்தபடி எழுதிக்கொள்வது. உமது அம்மா, உமது மாமி கமலாதேவி, புதுப்பெண் மீனலோசனி, அவளைக் கைப்பிடித்த தருமகுலசிங்கம், பின்வளவில் நிற்கும் பசு உட்பட எல்லாரும் கடவுள் கிருபையால் நல்ல சுகம். உடம்பளவில் நானும் சுகம்தான். லண்டன் குளிர் ஒத்துக்கொள்கிறதா, சாப்பாடு எப்படி, படிப்பு எந்த மட்டில் நிற்கிறது என்றெல்லாம் இந்த இடத்தில் உம்மை விசாரிப்பது முறை. விசாரித்ததாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் விசாரிக்க எனக்கு முகமில்லை.

உமது தங்கையின் கலியாணப் படங்கள் எங்கே என்று கேட்டு நீர் போட்ட கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. முதற் கடிதத்துக்கு, தபால் பிந்துகிறது என்று மறுமொழி எழுதினேன். அடுத்ததற்கு, ஸ்ரூடியோக்காரர் சுகமில்லாமல் படுத்திருக்கிறார் என்று மாமியைக் கொண்டு எழுதுவித்தேன். அந்த மனிதர் கல்லுப்போல இருக்கிறார். படங்கள் எப்போதோ கழுவி வந்து, என் அலுமாரியில் வேட்டிகளுக்குக் கீழே கிடக்கின்றன. பசுவுக்கு வைக்கோல் போடும்போதும், கோயிலில் கும்பிடும்போதும் அந்த அலுமாரி என் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல இருக்கிறது. இனி ஏலாது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீர் வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயம்.

நீர் ஆள் மூலம் அனுப்பிய கமராவில் ஒரு கீறலும் இருக்கவில்லை. பிழையெல்லாம் அதனோடு வந்த உமது நீண்ட கடிதத்தில்தான் தொடங்கியது. இப்படிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். பிழை உம்மில் இல்லை, அதை வாசித்தவனில். லண்டனில் படம் எடுக்கிறவர்களுடைய சங்கம் ஒன்றில் சேர்ந்திருப்பதாகவும், அங்கே படித்ததை எனக்கும் சொல்லித் தருவதாகவும் எழுதியிருந்தீர். படத்தில் முகத்தை விடக் கோடுதான் முக்கியம். வேலி, றோட்டு, கயிறு, நீட்டிய கை, எதுவாக இருந்தாலும் அந்தக் கோடு பார்க்கிறவனுடைய கண்ணைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். நேர்கோடு அமைதி, சாய்கோடு வேகம், வளைகோடு அழகு என்று எழுதி, பக்கத்திலே சின்னச் சின்னதாய்க் கீறியும் காட்டியிருந்தீர். மருமகன், இதை யாருக்கு எழுதினீர் என்று யோசித்தீரா? கொழும்பில் நிலஅளவைக் கந்தோரில் இருந்து தலை நரைக்கும் மட்டும் காணி வரைபடம் கீறினவனுக்கு எழுதினீர். பென்சன் எடுத்து ஊருக்கு வந்த நாள் தொடக்கம் எனக்குத் தெரிந்த ஒரேயொரு வித்தையைப் பற்றி ஒரு குருவிகூட என்னைக் கேட்கவில்லை. இங்கே வேலியைக் கண்மட்டத்தில் அடைத்துவிட்டு, வளைந்தால் காற்று என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நிலைமையில், உலகமே கோட்டில்தான் நிற்கிறது என்று லண்டனில் இருந்து ஒரு கடிதம் வந்தால் என் தலை எங்கே நிற்கும்? அன்றைக்கே ஒரு முழம் வளர்ந்துவிட்டேன். பிலிம் றோல் போடாத கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தீவு முழுக்கத் திரிந்தேன். பனங்கூடலுக்குள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நான் குந்தியிருந்ததைக் கண்ட சனம், ஆழ்வாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ வருத்தம் என்று மாமியிடம் வந்து துக்கம் விசாரித்ததாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வரப் பேசி வைத்திருந்த படக்காரரை வேண்டாம் என்று நிறுத்தினதும் நான்தான். உமது அம்மாவுக்கு அதில் அரை மனது. அக்கா சொன்னார்: "தம்பி, அந்த மனிசன் எத்தினையோ கலியாணம் எடுத்தவன். நீ ஒரு கோழியைத்தானும் எடுக்கேல்லை." நான் விட்டேனா? அவர் எடுத்ததெல்லாம் வெறும் முகம், அதிலே கோடு ஒன்றும் இல்லை என்றேன். "நல்ல காரியம் நடக்கிற வீட்டிலை ஏனடா கோட்டுக் கதை கதைக்கிறாய்" என்றுவிட்டு அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். லண்டனில் இருந்து உமக்கு மறந்திருக்கலாம், நமது பக்கத்தில் வழக்குப் பேசுகிற நீதிமன்றத்தையும் கோடு என்றுதான் சொல்லுகிறோம். அக்கா அதைத்தான் நினைத்தார். நான் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு நான் பிறகு கண்ணீரால் கட்டினேன்.

கலியாணத்தன்று காலமை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரான சரவணையில் இருந்து ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கே குருசுமுத்துவின் மோட்டர் வள்ளத்தில் ஏறி இங்கே வந்தார்கள். சோளகம் வீசிக் கடல் கொந்தளிக்கிற மாதம் என்றாலும் அன்றைக்குக் காற்றுக்கூட மரியாதையாக இருந்தது. நான் மேளகாரருக்கும் முந்தி இறங்குதுறைக்குப் போய்விட்டேன். என் எண்ணம் இது: துறையில் இருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கிற பாலம் ஒரு நேர்கோடு, அதன் நுனியில் மாப்பிள்ளை, பார்க்கிற கண் பாலத்தின் வழியே நடந்து போய் மாப்பிள்ளையில் முடிய வேண்டும். ஆனால் வள்ளம் பக்கப்படியில் வந்து அணைந்தது. சனமெல்லாம் குவியலாக இறங்கியது. மாப்பிள்ளை குடைக்குள் மறைந்துபோனார். கண் போய்ச் சேர இடமில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு, மாப்பிள்ளையும் தோழனும் மாப்பிள்ளையின் தகப்பனார் ஏரம்பரும் மாத்திரம் திரும்ப ஏறி, வள்ளத்தைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய், பாலத்துக்கு நேர்முகமாக வந்து இறங்க வேண்டும் என்று கேட்டேன். தருமகுலசிங்கம் நல்ல பிள்ளை, மறுபேச்சில்லாமல் ஏறினார். குருசுமுத்துதான் கடலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தண்ணீர் வற்றுகிற நேரம் என்று சொன்னார். வள்ளத்தில் இருந்து கயிறு எறிந்தால் அதுவும் ஒரு நல்ல சாய்கோடாக வரும் என்று நான் அவருக்கு விளக்கம் சொன்னேன்.

வள்ளம் வெளியே போனது. திரும்பி வந்தது. பாலத்துக்குக் கிட்ட வந்து மணல்திட்டில் ஏறி இருந்துவிட்டது. எஞ்சின் சேற்றைக் கலக்கினதே தவிர வள்ளம் அசையவில்லை. கரையிலே மேளம் அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டில் இருந்து ஐயர் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார், முகூர்த்தம் போகுது என்று. எனக்கோ கயிறு சரியாக விழவில்லை என்ற கவலை. "கோடு சரியில்லை, கோடு சரியில்லை" என்று பாலத்தில் நின்று கத்தினேன். ஏரம்பரைப் பார்த்து, "சம்பந்தி, நீங்கள் கோட்டுக்கு வெளியாலை நிக்கிறியள், கொஞ்சம் கோட்டுக்குள்ளை வாங்கோ" என்றும் சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது. உப்புத் தண்ணீர் பட்டதாக்கும் என்று நினைத்தேன். கடைசியில் குருசுமுத்து என்னைப் பார்த்து, "ஐயா, கயிறு வேணுமெண்டால் கரையிலை எவ்வளவும் தாறன். மாப்பிள்ளையை இப்ப இறக்கட்டே?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் இறங்கி, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். ஏரம்பர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றுக்குள்ளால் வந்தார். சரவணையில் நாலு பேர் எழும்பி நின்று மரியாதை செய்கிற மனிதர். நான் அப்போதும் படம் எடுத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. ஏரம்பருக்கும் அடுத்த காணிக்காரனுக்கும் ஒரு வேலி விஷயமாகக் கோட்டில் கனகாலம் வழக்கு நடந்து, கலியாணத்துக்கு முந்தின மாதம்தான் அது அவருக்குப் பாதகமாகத் தீர்ந்திருந்தது. சம்பந்திப் பகுதிக்குத் தெரிந்தால் வெட்கம் என்று வீட்டாரிடம் சத்தியம் வாங்காத குறையாக அதை மறைத்து வைத்திருந்தாராம். அந்த மனிதர் வந்து இறங்கும்போதே, பெண்ணின் மாமன், அதுவும் காணி வரைபடம் கீறின மாமன், கோடு சரியில்லை என்று ஊர் கேட்கக் கத்தினால் அவர் என்ன நினைப்பார்?

வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தமையனாக நீர்தான் கழுவ வேண்டியது. நீர் இல்லாததால் உமது சிற்றப்பாவின் மகன் கழுவினான். நீர் அங்கே இருந்து பார்த்து மனம் ஆறுவீர் என்று அந்தப் படத்தை மிகவும் கவனமாக எடுத்தேன். செம்பில் இருந்து விழுகிற தண்ணீர் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு, பார்க்கக் கண் கோடி வேண்டும். கால் படத்துக்குள் விழவில்லை. கழுவினவனும் விழவில்லை.

தாலி கட்டுக்கு நான் சாய்கோடு ஒதுக்கி வைத்திருந்தேன். மேலே இருந்து சரிவாகப் பார்த்தால் மாப்பிள்ளையின் கை, பெண்ணின் தலை, ஐயரின் தட்டம் எல்லாம் ஒரே சாய்வில் வரும் என்று கணக்குப் பண்ணி, மணவறைக்குப் பக்கத்தில் ஆட்கள் இருப்பதற்குப் போட்டிருந்த நீள மர வாங்கின் ஒரு அந்தத்தில் ஏறி நின்றேன். மற்ற அந்தத்தில் மாப்பிள்ளையின் பெரிய தாயார் அமர்ந்திருந்தார். நல்ல தேகம். அவர் இருக்கும் மட்டும் வாங்கும் நானும் மலைபோல நின்றோம். கெட்டிமேளம் கொட்டினதும் எல்லாரும் அறுகரிசி போட எழும்புவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பெரிய தாயாரும் எழும்பினார். வாங்கு ஒரு பக்கம் கிளம்பியது, நான் மறு பக்கம் போனேன். விழுகிறபோது விரல் தன்பாட்டில் கமராவின் பொத்தானை அமத்திவிட்டது. தாலி ஏறினதை நான் காணவில்லை. தவில்காரரின் மடியில் கிடந்தேன். அவர் ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் அடித்து முடித்தார்.

இவ்வளவோடும் நான் கமராவைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். வளைகோடு மிச்சம் இருந்தது. பந்தியில் இலை போட்டு, சோறு பரிமாறி, சம்பந்திமாரைக் கூப்பிட்டாகிவிட்டது. நான் குறுக்கே போய், சாப்பிட முதல் ஒரு குடும்பப் படம் என்று சொல்லி எல்லாரையும் உச்சி வெயிலுக்குள் இறக்கினேன். படக்காரர்கள் நிறுத்துவதுபோல வரிசையாக நிறுத்தினால் அது பள்ளிக்கூடப் படம், அழகில்லை. ஆகவே கிணற்றடியில் தொடங்கி, மாமரத்தைச் சுற்றி, வேலிப் பக்கமாக, பாம்பு போகிற மாதிரி ஆட்களை நிறுத்தினேன். முதலில் நின்றவர்களுக்குக் கடைசியில் நின்றவர்களைத் தெரியாது. பசி வேறு. "கோடு நேராய் இருந்தால் சரிவராது, கோடு வளைய வேணும், வளைஞ்சால்தான் வடிவு" என்று நான் சொல்லிக்கொண்டே ஓடித் திரிகிறேன். ஏரம்பர் நின்ற இடத்தில் வளைவு முறிந்தது. நான் தூர நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "சம்பந்தி, உங்களாலைதான் கோடு பிழைக்குது."

ஏரம்பர் வரிசையை விட்டு வெளியே வந்தார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஓம், நான் கோட்டிலை தோத்தனான்தான். கோட்டை வளைக்க எனக்குத் தெரியாது. அதைக் கலியாணப் பந்தலிலை வைச்சு ஊருக்குச் சொல்லவோ எங்களைக் கூப்பிட்டனீங்கள்?" பிறகு தங்கள் ஆட்களைப் பார்த்து, எழும்புங்கோ, போவம் என்றார். எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் எழும்பினார்கள். இலையில் சோறு ஆறுகிறது. கை நனைக்காமல் சம்பந்திப் பகுதி வெளிவாசல் படலையை நோக்கி நடக்கிறது. தருமகுலசிங்கம் தகப்பனையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறார். மீனலோசனி கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியில் நிற்கிறாள், அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். அவர் எதைச் சொல்லுகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஒரு மடையன்போல, இல்லைச் சம்பந்தி, இது படக் கோடு, வளைகோடு அழகு என்று லண்டனில் என்று ஏதோ உளறினேன். லண்டன் கோடு வரைக்கும் கதை போயிட்டுதோ என்று அவருடைய ஆள் ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் அக்கா குசினிக்குள் இருந்து வெளியே வந்தார். உமது ஐயா கண்ணை மூடின பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவர் முன்னுக்கு வந்ததில்லை என்று உமக்குத் தெரியும். சொந்த மகளின் தாலி கட்டைக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். அந்த மனிசி கையில் மாவோடு, அத்தனை பேருக்கும் நடுவால் வந்து, ஏரம்பருக்கு முன்னால் நின்றார். "அண்ணை, இவன் சொன்னது படத்துக் கோடு. வழக்குக் கோடில்லை. உங்கடை வழக்கு எங்களுக்குத் தெரியாது. என்ரை பிள்ளை அங்கை தனிய இருந்து தங்கச்சியின்ரை கலியாணத்தைப் படத்திலையாவது பாக்க ஆசைப்பட்டவன். அந்த ஆசையாலை வந்த வினை. நீங்கள் சாப்பிடாமல் போனால் நான் அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைத் தூக்கி வளர்த்த கை, மருமகன். அதை நான் பந்தலில் கும்பிட வைத்தேன். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அதைக் கழுத்திலை இருந்து கழட்டு" என்றார். கழற்றினேன்.

கழற்றின கமராவை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரம்பரின் கையில் கொடுத்துவிட்டேன். அவரும் ஏன் வாங்கினார் என்று தெரியாமல் வாங்கினார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் வைத்து, கிணற்றடியில் இருந்து வேலி வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தார். கமராவை இறக்கிவிட்டு, "உங்கடை வேலி நேராய்க் கிடக்கு" என்றார். "ஆர் அடைச்சது?" நான்தான் நூல் பிடித்து அடைப்பித்தேன் என்றேன். அவர் கமராவை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் பந்திக்குப் போய் இருந்தார். அவர் இருந்ததும் எல்லாரும் இருந்தார்கள். சோறு ஆறினதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன். மாமி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றேன். அது மட்டும் அன்றைக்கு நான் சொன்ன பொய்.

யாழ்ப்பாணத்தில் படம் கழுவக் கொடுத்துவிட்டு, பிறகு எடுக்கப் போனேன். ஸ்ரூடியோக்காரர் கண்ணாடி மேசையில் படங்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார். பாலம், கயிறு, வேலி, தண்ணீர், கிணற்றுக் கப்பி, திரும்ப வேலி. அவர் மரியாதையான மனிதர். கனநேரம் யோசித்துவிட்டு, "ஐயா, இது காணி வழக்குக்கு எடுத்ததோ?" என்று கேட்டார். என் பின்னால் வேறு இரண்டு பேர் நின்றார்கள். கலியாணப் படம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் எல்லை நன்றாக விழுந்திருக்கிறது என்று அவர் மெச்சினார். பிறகு ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்து, மாமரத்தடியில் கூறைச்சேலையோடு நிற்கிற இந்தப் பிள்ளை ஆர் என்று கேட்டார். அயல்வீட்டுப் பிள்ளை என்றேன். மருமகன், என் சொந்த மருமகளை, நான் தோளில் வைத்துத் திருவிழாக் காட்டின பிள்ளையை, அயல்வீட்டுப் பிள்ளை என்றேன். பஸ்ஸில் வரும்போது கண்டக்டரைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இவ்வளவும் போகட்டும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, படங்களை ஒருமுறை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் உண்மையான வெட்கம் வந்தது. உமது நீண்ட கடிதத்தின் கடைசியில், கோட்டுக் கதையெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவை மறக்காமல் எடுங்கோ மாமா, மூன்று வருஷமாய்க் காணேல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர். ஒரு படத்திலும் அக்கா இல்லை. குசினிக்குள் நான் எட்டியும் பார்க்கவில்லை. அங்கே கோடு ஒன்றும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வெளியே வந்து நின்ற ஒரேயொரு நேரம், கமராவை என் கழுத்தில் இருந்து கழற்றுவித்தார். அது கழுத்திலேயே கிடந்திருந்தாலும் அந்த நேரம் நான் எடுத்திருக்கக் கூடாது. ஆனால் மற்ற நேரமெல்லாம் எடுத்திருக்கலாம். முழு றோலையும் முடித்து, ஒரு வீட்டுக் கலியாணத்தை, அந்த வீட்டுக்காரி இல்லாமல் எடுத்திருக்கிறேன்.

படங்களை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். விளக்கம் இல்லாவிட்டால் உமக்கு விளங்காது. கயிறு குறுக்காக ஓடுகிற படத்தில் வலது மூலையில் தெரிகிற முழங்கால் மாப்பிள்ளையுடையது. வெள்ளைத் துணி மட்டும் தெரிவது தாலி கட்டு. அந்தத் துணி பந்தலின் மேற்கட்டி. வாசலில் தண்ணீர் விழுகிற படத்தில் நீர் நின்றிருக்க வேண்டும். வேலியும் ஆட்களின் முதுகுகளும் தெரிவது, சம்பந்திப் பகுதி கோபித்துக்கொண்டு போக முதல் எடுத்த குடும்பப் படம். மாமரத்தடியில் நிற்கிறவள் உமது தங்கை. சத்தியமாக உமது தங்கை. கமராவை அடுத்த மாதம் லண்டனுக்குத் திரும்புகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். இனி என் சீவியத்தில் அதைத் தொடுவதில்லை என்று மாமிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சொல்லியிருக்கிறேன்.

உமது சங்கத்தில் இந்தப் படங்களை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். காட்டினால், எடுத்தவர் காலமாகிவிட்டார் என்று சொல்லிவிடும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும். படிப்புச் சோதனையில் முதலாவதாக வந்து, சீதேவிப் பெண்ணொருத்தியைக் கைப்பிடித்து, உமது அம்மா முன்னுக்கு நின்று பார்க்க நீர் ஊரிலே வாழ வேண்டும் என்று இந்த உதவாத மாமன் வாழ்த்துகிறேன். உமது கோபத்தை எனக்குக் கடிதத்தில் எழுதும். அக்காவுக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத மாமன்,
க. ஆழ்வாப்பிள்ளை

பி.கு.: மேலே, படங்களை இத்துடன் வைத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, ஒன்றும் வைக்கவில்லை. கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டார். மேசையில் கிடந்த படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினால், பந்தல் துணிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். உமது ஐயா போன பிறகு அக்கா இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மீனலோசனிக்குக் காட்ட வேண்டும் என்று சரவணைக்கே போய்விட்டார். அங்கே எல்லாரும் பார்த்துச் சிரித்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்களாம். தருமகுலசிங்கம் தன்னுடைய முழங்காலைத் தானே கேட்டு வாங்கினாராம். ஏரம்பர் வேலிப் படத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார். மேல்கோட்டுக்குப் போகப் போகிறாராம். நேரான வேலி எப்படி இருக்கும் என்று நீதவானுக்குக் காட்ட அது தேவையாம்.

கமராவும் இப்போதைக்கு வராது. சரவணையில் இருந்து திரும்பி வந்த கையோடு அக்கா என் முற்றத்தில் வந்து நின்று சொன்னார்: "கமராவை எடு. கோடு கீடு ஒண்டும் பாராதை. என்ரை முகத்தை எடு, அவன் பாக்கட்டும்." கற்பூரம் கொளுத்தினதை நினைவூட்டினேன். அந்தக் கற்பூரத்துக்கு நான் பொறுப்பு என்றார். எடுத்தேன். அந்தப் படம் கழுவி வரும் மட்டும் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இத்துடன் இருப்பது அந்த ஒரு படம்தான். கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஆனால் அம்மா உம்மை நேரே பார்க்கிறார். அவருடைய தலைக்குப் பின்னால் மாமி உடுப்புக் காயப்போடுகிற கயிறு ஒன்று ஓடுகிறது. எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கோயில் அறியக் கவனிக்கவில்லை. ஆனால் பாரும் மருமகன், என்ன நேராய் ஓடுது.